எது இல்லை?

பேருந்துப் பணிமனையில் அவளைப் பளிச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கூட்டித் துடைத்த வண்டியில் இருக்கைக்கு அடியில்கூடச் சூயிங்கம் தங்காது. மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்ததும் அவள் மருத்துவரிடம் கேட்டது ஒன்றுதான்: அறுவைக்கு முன்னால் ஏற்றப்போகும் மருந்து கட்டியைக் கரைக்குமா?

ஓர் ஆய்வுக்காக அவள் ரத்தத்தையும் எடுத்திருந்தார்கள். முடிவைச் சொல்ல மருத்துவர் கூப்பிட்டபோது கணவர் வாசலில் போனில் இருந்தார். தலையை உள்ளே நீட்டியபோது அவர் காதில் விழுந்தது கடைசிச் சொல் மட்டும்: "இல்லை."

புற்றுநோய் என்ற முதல் சோதனைதான் தப்பு என்று அவரே முடிவு கட்டிவிட்டார். அதே பணிமனையின் டயர் பிரிவுக்காரர் அல்லவா, அன்றைக்கே செய்திக்குக் காற்றடித்துப் பணிமனை முழுக்க உருட்டிவிட்டார்.

மறுநாள் ஓட்டுநர்கள் கைகொடுக்க வந்தபோதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது.

"இல்லைன்னது நோயை இல்லப்பா. உடம்புல சேர்ற விஷத்தைக் கழுவித் தள்ளுற நொதிங்க இருக்காம். அதுல ஒண்ணுக்கான மரபணு எனக்குப் பிறவியிலேயே இல்லையாம்."

ஃபோர்மேன் மோவாயைச் சொறிந்தார். "ஊரு வண்டியெல்லாம் கழுவுறவ உடம்புல கழுவுற ஆள் லீவா?"

"லீவு இல்லண்ணே. அந்த வேலைக்கு ஆளே எடுக்கல."

கணவர் முகம் சுண்டிவிட்டது. "அதனாலதான் வந்துச்சா?"

"நிறைய பேருக்கு அது கிடையாதாம். அதை மட்டும் வெச்சு யாருக்கு வரும்னு சொல்ல முடியாதாம். ஆனா அந்த ஆளு விஷத்தோட மருந்தையும் சேர்த்துக் கழுவுறவனாம். அவன் இல்லைன்னா மருந்து உள்ள கூடக் கொஞ்ச நேரம் தங்கலாம். கட்டிக்கு அடி பலமா விழலாம், எனக்கும் விழலாம். எல்லாமே 'லாம்'தான்."

அவளுக்கு விழுந்தது. முடி கொட்டியது, வாயெல்லாம் புண். நடக்க முடிந்த நாட்களில் பணிமனைக்கு வந்து, பதிலாள் கூட்டியதைக் குறை சொல்லிவிட்டுப் போனாள். கட்டிக்கு எவ்வளவு விழுந்தது என்பது அறுவை முடிந்தால்தான் தெரியும்.

அறுவை முடிந்து, முடிவு வந்த அன்று கணவர் மூச்சிரைக்கப் பணிமனைக்கு ஓடிவந்தார். "இல்லையாம்பா, இல்லையாம்."

ஒருவரும் அசையவில்லை. "எது இல்ல?" என்றார் ஃபோர்மேன்.

அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு நீட்டினார். மருத்துவமனையிலிருந்து அவள் குரல் வந்தது.

"கட்டிதாண்ணே. எடுத்த சதையில தேடித் தேடிப் பார்த்தாங்களாம், துளி நோய்கூட மிச்சமில்லையாம். பளிச்சுனு இருக்காம்."

நின்றிருந்த வண்டிகள் எல்லாம் ஒன்றாக ஹாரன் அடித்தன.

"சத்தம் போதும்," என்றது போனில் அவள் குரல். "கடைசி சீட்டுக்கு அடியில எவனாவது கூட்டினீங்களா?"