தாடையை உடைத்தது யார்?

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் பன் அத்தை. பேக்கரியில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நிற்பவள். சாயங்காலம் மீந்துபோன பன்களை முதலாளியிடம் கேட்டு ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவாள். அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். காலையில் வேனில் ஏறுகிற பிள்ளைகளுக்கு முதல் வேலை அந்தப் பையில் கையை விடுவதுதான். இவர்களுக்குச் சொந்தமாகப் பிள்ளை கிடையாது. வேன் நிறையப் பிள்ளைகள் இருக்கும்போது எனக்கென்ன குறை என்று அவர் சொல்லிக்கொள்வார், பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும்.

பன் விற்பவள்தானே தவிர, ஒரு பன்னைக்கூட அவளால் கடித்துத் தின்ன முடியாது. பிறவியிலேயே தாடை அப்படி. பின்னால் கடைவாய்ப் பற்கள் சேர்ந்தாலும் முன்பற்கள் சேராது, நடுவில் ஒரு விரல் நுழையலாம். எதையும் கையால் பிய்த்துத்தான் வாயில் போட வேண்டும். பள்ளிக்கூடத்தில் "ஜன்னல்" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அன்றிலிருந்து சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளப் பழகிக்கொண்டாள். இதெல்லாம் போகட்டும் என்று விட்டுவிடலாம். வயது முப்பத்தைந்தைத் தாண்டியதும் வலி வந்துவிட்டது. எல்லாச் சுமையையும் கடைவாய்ப் பற்களே சுமந்து தேய்ந்துபோயின. காதுக்கு முன்னால் இருக்கிற மூட்டு கொட்டாவி விட்டால்கூடக் குத்தியது. பல் டாக்டர் பார்த்துவிட்டு, கம்பி போட்டுப் பற்களை ஒழுங்குபடுத்தி, அப்புறம் இரண்டு தாடையையும் அறுத்துச் சரியான இடத்தில் உட்காரவைத்தால்தான் தீரும் என்றார்.

கம்பி போட்டதைப் பார்த்துத் தெரு முழுக்கச் சிரித்து முடித்துவிட்டது. ஆபரேஷன் விஷயத்தை அவள் முதலில் சொன்னது இரண்டே பேரிடம். தம்பி மனைவி, "இந்த வயசுல அழகு பாத்து யாருக்குக் காட்டப் போறீங்க?" என்று கேட்டாள். பேக்கரி முதலாளி, "ஒரு பல்லுக்கு இத்தனை நாள் லீவா? எனக்குந்தான் பல்லு புடுங்கினாங்க, மத்தியானமே கடைக்கு வந்துட்டேன்" என்றார். போதுமடா சாமி என்று ஆகிவிட்டது அவளுக்கு. மூன்றாவதாக ஒருவரிடம் வாயைக் கொடுப்பதாக இல்லை. தெருவில் கேட்டவர்களிடம், தம்பி வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அந்தப் பொய்தான் வினையாக முடிந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. தெரு அடங்கிய பிறகு ராத்திரியில் வீட்டுக்கு வந்தபோது முகம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. கண்ணுக்குக் கீழே நீலம். மேல்பற்களையும் கீழ்ப்பற்களையும் சின்னச் சின்ன ரப்பர் வளையங்களால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். பேச முடியாது, "ம்" என்று முனகலாம், அவ்வளவுதான். மோவாய் மரத்துப்போய் எச்சில் வழிவதுகூடத் தெரியவில்லை. மூக்கிலிருந்து அவ்வப்போது ரத்தம் கசிந்து தலையணை உறையைக் கறையாக்கியது.

அவர் பார்த்துக்கொண்ட விதத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவளுக்கு வாய்த்தவர் அப்படி. காலையில் வேனை எடுப்பதற்கு முன் காய்கறியை வேகவைத்து, அரைத்து, இரண்டு தரம் வடிகட்டி, ஊசியில்லாத மருந்துக் குழாயில் நிரப்பிக் கன்னத்தோரமாகத் துளித்துளியாக விடுவார். ஒவ்வொரு துளிக்கும் தன் வாயையும் சேர்த்துத் திறந்து மூடுவார், குழந்தைக்கு ஊட்டுகிறவர்களைப் போல. வாந்தி வந்தால் உடனே ரப்பரை வெட்டிவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதனால் சட்டைப் பையில் ஒரு கத்தரிக்கோலும் எந்நேரமும் இருந்தது. வலியோடு வலியாக அவள் மனசு நிறைந்திருந்தது அந்த நாட்களில்தான். அதை வாய்விட்டுச் சொல்ல வழியில்லாமல் அவர் கையைப் பிடித்து அழுத்துவாள்.

கீழ்வீட்டின் முன்னறையில் இஸ்திரி போடுகிற அக்கா இருந்தாள். தனிக்கட்டை. அவள் மேசையைத் தாண்டாமல் யாரும் மாடிக்கு ஏற முடியாது. தெருவில் எந்த வீட்டுத் துணியும் அவள் கைக்கு வந்தாக வேண்டும். இவர்கள் வீட்டுத் தலையணை உறையும் வந்தது. துவைத்தும் போகாத ரத்தக்கறையோடு.

பத்து நாளில் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. நீலம் கீழே இறங்கிக் கழுத்தைச் சுற்றிப் பச்சையும் மஞ்சளுமாகப் படர்ந்தது. காற்று வாங்கலாமே என்று மாடிப்படிக்கு வந்து நின்றாள். கீழே இருந்து அக்கா நிமிர்ந்து பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், சட்டைப் பையில் கத்தரிக்கோலோடு பக்கத்தில் நின்ற மனுஷரைப் பார்த்தாள். தம்பி வீட்டுக்குப் போனவள் இப்படி வந்து நின்றால் யார்தான் என்ன நினைப்பார்கள்?

அடுத்த வாரம் வேன் போனதும் அக்கா மாடிக்கு வந்து கதவைச் சாத்தினாள். பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சொல்லும்மா. பயப்படாத. என்ன நடந்துச்சு?"

அவள் பதறிப்போய்த் தலையை ஆட்டினாள். வேனில் ஏதோ பிள்ளை விட்டுப்போன சிலேட்டில் "தாடை ஆபரேஷன்" என்று எழுதிக் காட்டினாள்.

"ஆபரேஷனா? அப்ப தையல் எங்க? ஒரு கீறல்கூட இல்லையே முகத்துல?"

நியாயமான கேள்விதான். தையல் எல்லாம் வாய்க்குள்ளே. அவள் உதட்டை இழுத்துக் காட்டினாள். கம்பியும் ரப்பரும் ரத்தத் திட்டுமாக இருந்ததைப் பார்த்து அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அடப்பாவி! வாயைக் கட்டியே போட்டிருக்கானே!"

அவள் அவசர அவசரமாக அழித்துவிட்டு, "அவர் அடிக்கவில்லை" என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். அக்கா அதைப் படித்தாள். அவள் கண் கலங்கியது.

"எல்லாரும் இதத்தாம்மா சொல்லுவாங்க."

அக்கா எழுந்திருக்கும்போது இன்னொன்றையும் சொன்னாள்.

"நீ கவலப்படாத. நான் சும்மா இருக்கல. வீட்டுல பொண்டாட்டிய இந்தக் கோலம் பண்றவன் வண்டியில புள்ளைங்கள அனுப்பாதீங்கன்னு துணி குடுக்க வர்ற அம்மாக்கள் கிட்டயெல்லாம் சொல்லிட்டேன். பாதிப் பேரு நிறுத்திட்டாங்க. மீதிப் பேரும் மாசம் முடிஞ்சா நிறுத்திடுவாங்க."

பாதி வேன் காலியா? இந்த மனுஷர் வீட்டில் மூச்சுகூட விடவில்லையே! மத்தியானம் அவர் வந்ததும், அக்கா சொன்னதை எழுதிய சிலேட்டை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவர் படித்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார், கை கழுவினார், அடுப்பைப் பற்றவைத்தார்.

"தெரியும். முன்னாடி சீட்டுல உக்காருமே அண்ணனும் தங்கச்சியும், அதுங்க இப்ப வேற வண்டியில போகுதுங்க. என்னைப் பாத்ததும் அந்தச் சின்னது கையாட்டுச்சு. அவங்கம்மா அந்தக் கையப் புடிச்சு இறக்கிவிட்டுட்டாங்க." கொஞ்ச நேரம் சூப்பைக் கிளறினார். "அதுதான் தாங்க முடியல."

எக்ஸ்ரே படத்தைக் கொண்டுபோய் எல்லோரிடமும் காட்டுங்கள் என்று அவள் எழுதினாள்.

"வீடு வீடாப் போய் நான் நல்லவன், நான் நல்லவன்னு படம் காட்டச் சொல்றியா? அப்பத்தான் இன்னும் சந்தேகப்படுவாங்க. விடு. உனக்கு வாய் தொறக்கட்டும்."

அவளால் விட முடியவில்லை. தனக்காக ஒரு பொய் சொல்லப்போய் இவர் பிழைப்பும் பெயரும் நாறுகிறதே என்று வெந்தாள். கீழ்வீட்டைப் பார்த்து மனசுக்குள்ளேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள்வி கேட்டாள். வாய் திறக்கிற அன்றைக்கு என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று ஒத்திகைகூடப் பார்த்துவைத்திருந்தாள். யாரம்மா உன்னைக் கேட்டது, உன் இஸ்திரிப் பெட்டியோடு நிற்க வேண்டியதுதானே என்று ஆரம்பித்து அது நீளமாகப் போகும்.

டாக்டர் வரச்சொன்ன நாள் வந்தது. வேன் போன பிறகு அவள் கீழே இறங்கி இஸ்திரி மேசை முன்னால் நின்றாள். அக்காவின் கையைப் பிடித்து, என்னோடு வா என்று சைகை காட்டினாள். டாக்டர் வாயாலேயே கேட்டுக்கொள்ளட்டும் என்பது அவள் கணக்கு. அக்கா போட்ட கணக்கு வேறு. ஒரு கேள்வி கேட்கவில்லை. பெட்டியை அணைத்தாள், உள்ளே போனாள், தயாராகக் கட்டி வைத்திருந்த ஒரு துணிப்பையோடு வெளியே வந்தாள்.

"வா, போலாம். எங்கண்ணன் வீட்டுல ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்கு. எத்தனை நாள் வேணும்னாலும் இரு. அவன் வர்றதுக்குள்ள கிளம்பிடுவோம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ரப்பர் கட்டிய வாயால் சிரிப்பது பெரிய அவஸ்தை. அக்கா அதை அழுகை என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததும் அக்காவுக்கு இன்னும் தெம்பு. "இதுவும் நல்லதுதான். மொதல்ல எழுத்துல வாங்கிக்குவோம்" என்று முன்னால் நடந்தாள். டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் உட்காரக்கூட இல்லை.

"டாக்டர், இவ தாடை எப்படி ஒடஞ்சிருக்குன்னு தெளிவா எழுதிக் குடுங்க. போலீஸ்ல குடுக்கணும். ஒடச்சவன சும்மா விடக்கூடாது."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி அக்காவை ஒருமுறை பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஒடச்சது நான்தாம்மா" என்றார் டாக்டர்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார். மேல்தாடையில் எங்கே அறுத்தார், கீழ்த்தாடையில் எங்கே, எந்தத் தகட்டை எந்தத் திருகு பிடித்திருக்கிறது என்று விரல் வைத்துச் சொன்னார். வாய்க்குள்ளேயே அறுப்பதால் வெளியே தழும்பு தெரியாது, ரத்தம் கட்டினது கீழே இறங்கினால் கழுத்து அப்படித்தான் பச்சையாகும் என்றார். "இவங்க வீட்டுக்காரர் தினமும் போன் பண்ணி எனக்கே பாடம் எடுக்கறாரு. அந்த மனுஷன் மேலயா போலீசுக்குப் போறீங்க?" என்று சிரித்தார். பேசிக்கொண்டே ரப்பர்களைக் கழற்றி, "மெதுவா தொறங்க. இனிமே பகல்ல கொஞ்சம் பேசலாம்" என்றார்.

வெளியே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். துணிப்பை அக்காவின் மடியில் இருந்தது. அக்கா தரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. ஒரு தடவ பாக்கப் போனேன், மூஞ்சி வீங்கியிருந்துச்சு. படியில விழுந்துட்டேன்க்கான்னா. நான் நம்பிட்டேன். பழத்தக் குடுத்துட்டு, பாத்து நடடின்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்." பையின் முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். "அடுத்த தடவ போனப்ப அவ இல்ல."

ஒத்திகை பார்த்த கேள்விகளெல்லாம் அவளுக்குள் எங்கேயோ போய்விட்டன. அவள் வாயைத் திறந்தாள். மரத்த உதடு ஒத்துழைக்கவில்லை, எழுத்தெல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. இருந்தாலும் பேசினாள்.

"அக்கா, நான் சொன்னத நம்பாம விட்டீங்க பாருங்க. ரொம்ப நன்றிக்கா."

அக்கா அவள் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அன்று சாயங்காலமே அக்கா பெட்டியை அணைத்துவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். சொல்வதைவிட, சொன்னதைத் திருப்பி எடுப்பது பெரும்பாடு. சிலர் உடனே ஒத்துக்கொண்டார்கள். ஒரு அம்மா மட்டும், யோசித்துச் சொல்கிறேன் என்று கதவை மூடினாள். அந்த வீட்டுக்கு அக்கா மூன்று தரம் போனாள். மாசம் பிறந்தபோது வேன் கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது, முன்சீட்டு அண்ணனும் தங்கச்சியும் உட்பட. வேன்காரர் முகத்தை மட்டும் அக்கா நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவர் படியிறங்கும் சத்தம் கேட்டால் துணியை எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விடுவாள். அவர் சட்டைகளுக்கு மட்டும் கூலி வாங்க மாட்டேன் என்றாள். அவர் காசை மேசை மேல் வைத்துவிட்டுப் போனார்.

ஒருநாள் காலை அவர் வேனை அக்காவின் வாசலிலேயே நிறுத்திவிட்டு இறங்கினார். பிள்ளைகள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாடிப்படியில் பன் அத்தை பையோடு நின்றிருந்தாள். அக்காவுக்கு ஓடி ஒளிய நேரமில்லை.

"தம்பி, நான் உங்கள..." என்று ஆரம்பித்தாள்.

"அக்கா, எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கா" என்றார் அவர். "ரொம்பத் தூரத்துல கட்டிக் குடுத்திருக்கோம். போன் பண்ணா நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு மட்டும்தான் சொல்லுவா. அவ வீட்டுக்குக் கீழயும் உங்கள மாதிரி ஒருத்தர் இருக்கணும்க்கா."