மூடுபனிக்குள் ஒரு மஞ்சள் பை

2012ஆம் ஆண்டு மாசி மாதம். புலம்பெயர்ந்து வந்த நாங்கள் அப்போதும் இந்த ஓல்டன் நகரத்தில்தான் இருந்தோம். முதியோர் இல்லத்தில் வேலை செய்த என் ஒரே மகள், கூட வேலை செய்யும் பிள்ளைகளோடு பனிச்சறுக்குப் பழகத் தொடங்கியிருந்தாள். அதற்கு முதுகில் போடும் பை ஒன்று வாங்க வேண்டும் என்று என்னையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

எனக்கு ஜெர்மன் எழுத்து வாசிக்க வராது. ஆனால் ஒரு சாமானைத் தொட்டால் அதன் தரம் தெரியும். தையலை இழுத்துப் பார்த்தேன். ரொட்டிப் பெட்டி, சுடுதண்ணீர்ப் போத்தல், மாற்று உடுப்பு எல்லாம் கொள்ளக்கூடிய பெரிய பை ஒன்றை எடுத்தேன். கடைக்காரப் பெண் அதற்குள் பாரம் வைத்து, மகளின் முதுகில் மாட்டி, முழங்காலை மடித்துக் குனியச் சொன்னாள். பை அவளைப் பின்னால் இழுத்தது. சறுக்குகிறவர்களுக்கு முதுகோடு ஒட்டிக்கிடக்கிற ஒடுங்கிய பைதான் நல்லது என்றாள் அந்தப் பெண். சரி, அளவில் விட்டுக்கொடுத்தேன்.

நிறத்தில் விடவில்லை. மகள் எடுத்தது தூய வெள்ளை.

"புதுச் சாமான் வாங்கேக்கை வெள்ளையோ? மஞ்சளை எடு பிள்ளை."

"நான் என்ன கலியாண வீட்டுக்கோ போறன் அம்மா? விழுந்து எழும்பப் போறன்."

"விழப் போறவளுக்குத்தான் மங்களம் வேணும்."

"இதைப் போட்டால் என்னைத் தபால்காரி எண்டு நினைப்பினம். இங்கை தபாலுக்கு மஞ்சள் நிறந்தானே."

"நினைக்கட்டும். இந்த நாட்டிலை தபால்காரர் வந்து சேராமல் விடுறேல்லைத்தானே!"

மஞ்சள் பைதான் வாங்கினோம். பக்கத்து ஊரான திரிம்பாக்கில் இருக்கிற எங்கள் கோயிலுக்குக் கொண்டுபோய், சாமிக்கு முன்னால் வைத்து, தோள்பட்டியில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். மகள் முணுமுணுத்தாள். ஆனால் அழிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு என்னையும் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சறுக்கி வருபவர்கள் வந்து சேரும் இடத்தில் ஓர் உணவகம் இருந்தது. அதன் வெளி விறாந்தையில் என்னை இருத்தி, தேத்தண்ணீர் வாங்கித் தந்துவிட்டு கூட வேலை செய்யும் பிள்ளைகளோடு மேலே போனாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிய வெள்ளையில் மனிதர்கள் சத்தமில்லாமல் வழிந்து வந்தார்கள். என் மஞ்சள் புள்ளியும் வளைந்து வளைந்து வந்து, எனக்குக் கை காட்டிவிட்டு, மறுபடி மேலே போயிற்று. கண் விழித்துக்கொண்டே கனாக் காண்பதுபோல இருந்தது.

பிறகு பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. முதலில் மரங்கள் போயின. பிறகு மலை போயிற்று. கடைசியில் என் கண்ணுக்கு முன்னால் இருந்த விறாந்தைக் கம்பி மட்டுந்தான் மிச்சம். வானமும் நிலமும் ஒன்றாகிவிட்டன.

மகளோடு போன பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அவள் வரவில்லை. அவர்கள் முகம் பார்த்தே எனக்கு விளங்கிவிட்டது. ஒருத்தி தேடிப் போக ஆட்களைக் கூப்பிட ஓடினாள். நான் கம்பியைப் பிடித்தபடி அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை நேரமோ தெரியாது.

அப்போது உள்ளே எங்கேயோ மஞ்சளாக ஏதோ அசைந்தது. மெல்ல மெல்லப் பெரிதாயிற்று. ஆனால் அந்தப் பையைச் சுமந்து வந்தது என் மகள் இல்லை. யாரோ தாடி வைத்த உயரமான வெள்ளைக்காரர்.

அவருக்குப் பின்னால், அவர் முதுகை விட்டுக் கண் எடுக்காமல், என் பிள்ளை வந்தாள்.

"பாதை பிழைச்சுப்போச்சு அம்மா. மேல் எது கீழ் எது எண்டு தெரியேல்லை. பயத்திலை அப்பிடியே இருந்திட்டன். இவர் தூரத்திலை மஞ்சளாய்த் தெரியுது எண்டு வந்தவர். பையைத் தான் போட்டுக்கொண்டு, 'இந்த மஞ்சளை மட்டும் பாத்துக்கொண்டு வா' எண்டு சொன்னவர்."

யாருக்கும் லேசில் தலை குனியாதவள் நான். அன்றைக்குக் குனிந்து கும்பிட்டேன். அவருடைய வெளிர்நிறச் சட்டையின் தோளில் குங்குமம் ஒட்டியிருந்தது. முந்தானையால் துடைக்கப் போனேன். அது என்னவென்று கேட்டார். மகள் சொன்னாள். இருக்கட்டும் என்று கையால் மறித்துவிட்டார். வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த ரொட்டியும் சம்பலும் கொடுத்தேன். உறைப்பில் கண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டு, இன்னொன்றும் கேட்டு வாங்கினார். பிறகு மூடுபனிக்குள் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

ஓல்டனில் மூடுபனிக்குக் குறைவில்லை. ரயிலுக்கு நிற்கிற காலைகளில் ஒன்றும் தெரியாதபோது, மங்களம் என்று நான் பிடிவாதமாக எடுத்த நிறத்தைத் தன் முதுகில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்த அந்த மனிதரை நினைப்பேன். இந்த நாடு எனக்கு அந்நியம் என்று அதற்குப் பிறகு ஒருநாளும் நான் சொன்னதில்லை.