முந்நூறு படி

எங்கள் வீட்டில் அவனுக்குச் சல்லடை என்று பெயர். ஆய்வுக்காக மண் சலிக்கிறவன். சலித்து, உலர்த்தி, எடை போட்டு, எழுதி வைப்பான். கடல் தாண்டிப் படிக்க வந்து ஒன்றரை வருடத்தில் அவன் பார்த்தவை இரண்டே இடங்கள்: அந்த ஆய்வகமும் எங்கள் சமையலறையும். சமையலறையைப் பங்கு போட்டுக்கொண்டவன் என்ற முறையில் இதற்கு நான் சாட்சி.

அவன் அம்மா தையல்கடை வைத்திருக்கிறார். ஞாயிறுதோறும் போனில் ஒரே பாட்டு: "ரூமுக்குள்ளயே கெடக்காதடா. நாலு எடம் போய்ப் பாரு." சல்லடை அம்மாவை எதிர்த்துப் பேசுகிற பிள்ளை இல்லை, புளுகுவதோடு சரி. பக்கத்திலிருக்கும் பழைய கோட்டை ஊருக்குப் போய்க் கோபுரம் ஏறியதாக, அவித்த முட்டையை உரித்தபடியே ஒருநாள் அவிழ்த்துவிட்டான். "முந்நூறு படிம்மா. கால் விட்டுப்போச்சு."

அம்மா அதை ரவிக்கை தைக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்திருக்கிறார். அத்தை மட்டும் மசியவில்லை. "அவனாவது, ஏறுறதாவது" என்றாராம். அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"வர்ற சனிக்கிழமை மறுபடி ஏறு. நாங்க ரெண்டு பேரும் போன்ல பாக்குறோம். என் மானத்தக் காப்பாத்துடா."

துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். ஒன்றரை மணி நேர பஸ் பயணம். கல் பாவிய தெருக்கள், சாய்ந்து நிற்கும் மாடிகள், மஞ்சள் பூத்த மதில். அவனோ குனிந்த தலை நிமிரவில்லை. மதிலடியில் உட்கார்ந்து ஒரு சிட்டிகை மண்ணை விரலில் தேய்த்தான்.

"களிமண்ணு கொஞ்சம் ஜாஸ்தி."

"ஊரு மேல இருக்குடா. நீ கீழயே பாத்துட்டு வர்ற."

"பாத்துக்கிட்டுதான இருக்கேன்."

கோபுர வாசலில்தான் நிமிர்ந்தான். பலகையில் எழுதியிருந்தது: படிகள் 94.

அவன் பலகையை இன்னொரு தடவை படித்தான்.

"யாரு எண்ணப் போறா?" என்றேன்.

"அத்தை எண்ணுவாங்க." யோசித்தான். "மூணு தடவ ஏறினா இரநூத்தி எம்பத்திரண்டு. நாலாவது தடவ பதினெட்டு படி ஏறிட்டு நின்னுட்டா கணக்கு சரியாயிடும்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பதுதான் பயமாக இருந்தது.

அதற்குள் போன் அடித்தது. கழுத்தில் அளவு நாடாவோடு அம்மா. அவர் தோளுக்குப் பின்னால் அத்தையின் மூக்குக்கண்ணாடி. சல்லடை போனை முன்னால் நீட்டியபடி ஏறத் தொடங்கினான். சுழன்று போகும் குறுகல் படிகள். எதிரே இறங்கிவந்த முதிய தம்பதி சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்கள். போனுக்குள்ளிருந்து, "முப்பத்தொண்ணு… முப்பத்திரண்டு…"

தொண்ணூற்று நான்காவது படியில் வானம் வந்துவிட்டது.

"மிச்சம் எங்க?" என்றார் அத்தை.

சல்லடை என்னைப் பார்த்தான். நான் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த ஒரு காக்கையைப் பார்த்தேன்.

"மிச்சம் இல்ல அத்தை. அம்மா, இன்னைக்குதான் மொத தடவ வந்திருக்கேன்."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அம்மா நாடாவைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

"சுத்திக் காட்டு" என்றார் கடைசியில்.

காட்டினான். கூரைகள், வாய்க்கால், ஒரு மாடியில் காயும் ஏழெட்டுக் காலுறைகள். அம்மா அவசரப்படாமல் பார்த்தார். அத்தையும் சிரிப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அம்மா. "மிச்சம் இரநூத்தி ஆறு படி. எங்க ஏறுவியோ எனக்குத் தெரியாது. அத்தை எண்ணுவாங்க."

அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு என் கதவைத் தட்டினான். காலில் ஷூ.

"இந்தப் பக்கம் வேற கோபுரம் இருக்கா? படி சரியா இரநூத்தி ஆறு இருக்கணும்."