ஓசித் துப்பாக்கி

காலேப் முதலில் இடது கையை எடுத்து மேசைமேல் வைக்கிறார். வலது கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, கீபோர்டின் இடப்பக்கம் கிடத்தி, விரல்களை ஒவ்வொன்றாக அதனதன் எழுத்தின்மேல் பொருத்துகிறார். சுண்டுவிரல் நழுவும். மறுபடி ஏற்றி வைப்பார். பிறகுதான் மௌஸைத் தொடுவார். அந்த விரல்கள் எந்த எழுத்தையும் அழுத்தப்போவதில்லை. போன வருடத்திலிருந்து அழுத்தவில்லை.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் சம்பத்தின் நெட் சென்டர். பகலில் தேர்வு முடிவு பார்க்கிறவர்கள், மெயில் அனுப்புகிறவர்கள் வருவார்கள். மாலையில் கல்லூரி விட்டதும் பிளைவுட் தடுப்புகளுக்குள் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் ஒரே விளையாட்டுக்குள் போய்விடுவார்கள். ஏதோ ஒரு நிலவில் கைவிடப்பட்ட சுரங்கம். ஒருவரையொருவர் சுட வேண்டும். செத்தவன் உடனே வேறொரு மூலையில் பிறப்பான். பிறக்கும்போது கையில் ஒரு சின்னக் கைத்துப்பாக்கி இருக்கும். மற்ற ஆயுதங்களைத் தேடித்தான் எடுக்க வேண்டும். கைத்துப்பாக்கிக்கு விளையாட்டு வைத்த பெயர் எவர் வாயிலும் நுழையவில்லை. சும்மா கிடைப்பதால் பையன்கள் அதை ஓசி என்கிறார்கள்.

ஓசிக்குக் குண்டு கிடையாது. பச்சை ஒளிதான். தீர்ந்தால் தானே நிரம்பிக்கொள்ளும். பொத்தானை அழுத்திப் பிடித்தால் கொசுபோல முனகும், ஒளி திரளும். விரலை எடுத்தால் பாயும். எடுக்காமலே இருந்தால் வெடித்து, வைத்திருப்பவனையே எரித்துவிடும். புதிதாக வருகிறவன் ஒருமுறையாவது அப்படிச் சாவான். அன்றைக்கு சென்டரே சிரிக்கும். "தனக்குத் தானே கொள்ளி வெச்சிகினான் பாரு" என்பார் சம்பத்.

காலேப் ஓசியைத் தவிர வேறெதையும் எடுப்பதில்லை. மற்றவற்றுக்குக் குண்டு நிரப்ப இடது கை வேண்டும்.

கால்சென்டரில் வேலை பார்த்தார். பெருங்களத்தூர் தாண்டி, ஒரு லாரிக்கு ஒதுங்கும்போது பைக் சறுக்கியது. கை போகவில்லை. தோளில் நரம்புகள் அறுந்துவிட்டன. நகம் வளர்கிறது, மயிர் வளர்கிறது, கை மட்டும் அசைவதில்லை. "லைன் கட்டாயிருச்சு. கஸ்டமர் ஹோல்டுல இருக்காரு" என்பார், கேட்பவர் சிரிக்கட்டும் என்று. நரம்பு திரும்ப வளரலாம், பார்ப்போம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சிட்லபாக்கத்தில் அம்மா ஹில்டா டீச்சர் குடும்ப ஜெபத்தின்போது அந்தக் கையைத்தான் பிடித்துக்கொள்கிறார்.

"கண்ண மூடிட்டிருந்தா அம்மா புடிச்சிருக்காங்களா விட்டுட்டாங்களான்னு எனக்குத் தெரியாது" என்றார் ஒருமுறை. "ஆமென் சொன்னப்புறம் கண்ணத் தொறந்து பாத்துக்குவேன்."

மௌஸின் வலது பொத்தானை அழுத்தினால் முன்னால் நடக்கும்படி சம்பத் அவருக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார். முன்னால் மட்டும். ஒதுங்க முடியாது, பின்வாங்க முடியாது. சுரங்கத்தின் நடுவே ஓர் இரும்பு மேடை உண்டு. அதில் நடந்து ஏறி, நின்ற இடத்தில் சுழன்று சுடுவார். ஆட்டம் முடிந்ததும் திரையில் வரும் பட்டியலில் பெரும்பாலும் அவர் பெயர்தான் மேலே இருக்கும்.

"இன்னிக்கும் நாந்தான். அதுவும் ஓசிய வெச்சிக்கிட்டு."

"நீ கில்லாடிபா" என்பார் சம்பத், பிரிண்டரைப் பார்த்தபடி.

வீட்டில், சர்ச்சில், பஸ்ஸில் எல்லோரும் கையைப் பற்றிக் கேட்கிறார்கள். "இங்கதான் யாரும் கேக்கறதில்ல. இங்க நான் பேஷண்ட் இல்ல, பிளேயர்" என்று காலேப் சொல்வார். வீட்டில் படுத்திருந்த மாதங்களில் இந்த மாடிப்படியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் இளமாறன் வந்தான். முடிச்சூர்ப் பையன், பாலிடெக்னிக் மாணவன். காலேப் இருந்த பக்கம் போகாமல், அவரைப் பார்க்காமலே, கடைசித் தடுப்பில் போய் உட்கார்ந்துகொண்டான். வந்ததும் மேடையில் நின்றவரைச் சுட்டான். அவர் பிறந்து, நடந்து, மறுபடி மேடையேறியதும் மறுபடி சுட்டான்.

"டேய், எவன்டா அது? அவர வுட்ருடா!" என்று பக்கத்துத் தடுப்பிலிருந்து ஒரு பையன் கத்தினான்.

"இன்னாத்துக்கு வுடணும்? நட்டு வெச்ச மாதிரி நின்னுகினு கீறாரு."

"மேடைல நிக்கறவர யாரும் சுடக்கூடாது மச்சான். அப்பப்ப அவர் எதிர்ல போயி நின்னு வாங்கிக்கணும். இங்க அதான் ரூல்."

காலேப் ஹெட்போனை ஒரு காதில்தான் மாட்டுவார். சொன்னவன் அதை மறந்துவிட்டான். சம்பத் எழுந்து, ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியின் சுவிட்சைத் தட்டிப் பார்த்தார்.

காலேப் திரும்பாமலே கேட்டார்.

"சுட்டது யாருப்பா?"

"நாந்தாண்ணா. இளமாறன்."

"எங்கேருந்து?"

"பைப்புக்குக் கீழேருந்து."

"நல்ல எடம். அங்கேருந்து சுட்டா எனக்குத் தெரியவே தெரியாது. சுடு. நிறுத்தாத."

அன்று இளமாறன் நிறுத்தவில்லை. காலேப் செத்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறை பிறந்ததும் ஓசியை நீட்டிக்கொண்டு மேடையை நோக்கி நடந்தார். இரண்டு முறை அவனையும் வீழ்த்தினார். அப்போது அவர் போட்ட கத்தலில் கீழே மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து மாடியை நிமிர்ந்து பார்த்தார். பட்டியலில் அவர் பெயர் கடைசியில் இருந்தது. முகம் வியர்த்து, சிவந்திருந்தது.

"நாளைக்கும் வருவேல்ல?"

கடைசித் தடுப்பிலிருந்து இளமாறன் எழுந்து வந்தான். காலேப் வலது கையால் இடது கையைத் தூக்கி, கழுத்தில் தொங்கிய துணிப்பட்டைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அவன் நின்றுவிட்டான்.

"வரேண்ணா" என்றான். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலேப் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். விரல்களைப் பொருத்தினார். சுண்டுவிரலை ஏற்றி வைத்தார். ஆட்டம் தொடங்கியதும் மேடையேறி, குழாயிருந்த பக்கமாகத் திரும்பி நின்றார்.

குழாய்க்குக் கீழிருந்து இளமாறனின் உருவம் வந்தது. கையில் பெரிய துப்பாக்கி. மறையாமல், ஓடாமல், நேராக மேடையேறி வந்து அவருக்கு எதிரே நின்றது. துப்பாக்கியின் முனை மெல்லத் தரையை நோக்கித் தாழ்ந்தது.

"சுடுடா" என்றார் காலேப்.

கடைசித் தடுப்பிலிருந்து குரல் வந்தது. "பரவால்லண்ணா. நீங்க சுடுங்க."

காலேப் பொத்தானை அழுத்தினார். ஓசி முனகத் தொடங்கியது. எதிரே நின்ற உருவம் அசையவில்லை. முனகல் ஏறியது. பச்சை ஒளி திரண்டு, திரையை நிறைத்து, மேசைமேல் கிடந்த இடது கைவரை வந்தது.

"விட்ருண்ணா" என்றான் இளமாறன். "வெடிச்சிரும்ணா, விட்ருண்ணா."

காலேப் விரலை எடுக்கவில்லை.