எலும்பில்லாத கறி

பருந்து வளர்த்த அக்கா என்று எங்கள் தெருவில் இன்றும் பெருமையாகத்தான் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூசிப்போகிறது.

பல்லடத்தில் எங்கள் தறிக் கொட்டகைக்குப் பின்னால் நின்ற தென்னையை வெட்டியபோது அந்தக் குஞ்சு கூட்டோடு விழுந்தது. தாய் சாயங்காலம் வரை மேலே வட்டமிட்டது. பக்கத்து மரத்தில் கூட்டைக் கட்டி வைத்திருக்கலாம், யாருக்கும் தோன்றவில்லை. நான் அதை அட்டைப்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தொண்டையில் சிக்கிவிடுமோ என்று பயந்து, எலும்பு நீக்கிய கோழிக்கறியாக வாங்கிப் பொடிப்பொடியாக நறுக்கி ஊட்டினேன். என் குரல் கேட்டாலே வாயைத் திறக்கும். பார்க்க வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

இறகு முளைத்தும் அதனால் எழுந்து நிற்க முடியவில்லை. வனத்துறைக்குப் போன் செய்தோம். கோவையில் ஒரு வனவிலங்கு மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கே டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் காட்டினார். கால் எலும்புகளும் இறக்கை எலும்புகளும் வளைந்திருந்தன.

"என்னங்க குடுத்தீங்க?"

"நல்ல கறிதானுங்க. எலும்பே இல்லாம பாத்துப் பாத்து..."

அவர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார். "எலும்போட தின்னாத்தானுங்க இதுக்கு எலும்பு பலப்படும்."

இனி அது பறக்காது. பறக்கவிட முடியாத பறவைக்கு அங்கே விதிகள் வேறு. வலியில்லாமல் வாழும் என்றால் மட்டுமே வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் உயிர் போக ஊசி. வைத்துக்கொண்டாலும் வீட்டுக்குத் தரமாட்டார்கள், வேடிக்கை காட்டமாட்டார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள்.

"நா மட்டும் எப்பவாச்சும் வந்து பாத்துட்டுப் போலாமுங்களா?"

"வேண்டாமுங்க. உங்களப் பாத்தா மறுபடி வாயத் தொறக்கும். இனி அது பருந்துகளோட பழகோணும்."

சில வாரம் கழித்துப் போன் வந்தது. கால் தேறிவிட்டதாம். பறக்க முடியாத இன்னொரு பருந்தோடு விட்டிருக்கிறார்களாம். ஊசி இல்லை என்றதும் அழுதுவிட்டேன்.

போன மாதம் எதிர்வீட்டுக்காரர் ஓர் ஆந்தைக் குஞ்சைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க்கா, உங்களாட்டம் யாருங்க வளத்துவாங்க? வெச்சுக்கங்க."

"எங்கீங்க கெடந்துச்சு?"

"நம்ம வேப்பமரத்தடியிலதானுங்க."

"அந்த மரத்துப் பொந்துலயே வெச்சுப்போடலாமுங்க. தாய் வந்துரும்."

"ஏனுங்க்கா, நீங்க வளத்தமாட்டீங்களா?"

என்னால் முடமான ஒன்று கோவையில் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். "இப்ப வேலை சாஸ்திங்க" என்றேன்.

அதையும் நம்பி அவர் மரத்தில் ஏறினார். நான் துண்டோடு குஞ்சை நீட்டினேன்.