என் உளுந்தை என் வண்டி மிதித்த நாள்

எனக்கு அறுபத்து நாலு வயது. பெற்றது மூன்று, என் தம்பி பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. ஐந்தில் ஒன்றுகூட எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்தது மருமகள்தான். இது நடந்தது போன தை மாதம், கோவில்பட்டியிலிருந்து நாகலாபுரம் போகிற பக்கம் இருக்கும் எங்கள் ஊர் ரோட்டில்.

எங்கள் ஊருக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். மருமகள் கோவில்பட்டிக்கு வேலைக்குப் போக ஸ்கூட்டர் வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அது சும்மா நிற்கும். பார்க்கப் பார்க்க எனக்குக் கை பரபரக்கும். "எனக்கும் சொல்லிக் குடுட்டி" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கூட்டிப்போய் எல்.எல்.ஆர். எடுத்து, வண்டியில் எல் போர்டும் ஒட்டிவிட்டாள்!

ஆனால் ஏகப்பட்ட கெடுபிடி. ஹெல்மெட் மாட்டி, தாடைக்குக் கீழே பட்டையை 'டிக்'கென்று பூட்டினால்தான் சாவி தருவாள். களையெடுக்கப் போகையில் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போடுவோமே, அதுவும் வேண்டும். காலில் பேரனுடைய ஷூ. முந்தானை இடுப்பில் இறுக்கிச் செருகியிருக்க வேண்டும்.

"சந்தைக்குப் போற மாட்டுக்குக்கூட இம்புட்டு சோடனை கெடையாதுட்டி. கொண்டை வேற இடிக்குது."

"கொண்டைய அவுத்துப் பின்னிப் போடுங்க அத்தே. தலை முக்கியமா, கொண்டை முக்கியமா?"

ஒரு மாதம் பள்ளிக்கூட மைதானத்தில் சுற்றிச் சுற்றி வந்தேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக ரோட்டில் ஏறினேன். பின்னால் மருமகள், அவள் தலையிலும் ஹெல்மெட். இரண்டு பக்கமும் கரிசல் காடு ஓடுகிறது, காற்று சட்டைக்குள் புகுந்து படபடக்கிறது. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படி எழுத!

ஊர் வளைவு வந்தது. அங்கே எங்கள் உளுந்து கிடந்தது. காய்ந்த செடியை ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வருகிற வண்டிகளே மிதித்து உளுந்தை உதிர்த்துக் கொடுக்கும். வண்டிகள் ஒதுங்கிப் போய்விடக் கூடாது என்று ஓரத்தில் கல்லும் வைப்போம். காலையில் நான்தான் செடியைப் பரப்பினேன், கல்லையும் வைத்தேன்.

"அத்தே, நிப்பாட்டுங்க. எறங்கித் தள்ளிட்டுப் போவோம்."

"ஊரு வண்டியெல்லாம் மிதிக்குது. என் உளுந்த என் வண்டி மிதிக்கக் கூடாதாட்டி?"

ஏறிவிட்டேன். மேலே செடி, அடியில் உதிர்ந்து உருளுகிற உளுந்து. முன் சக்கரம் எண்ணெயில் வைத்த மாதிரி வழுக்கியது.

"பிரேக்கப் பிடிக்காதீங்க! ஆக்ஸிலேட்டர விடுங்க! நேராப் பிடிங்க!"

காதில் விழுந்தது. கை கேட்கவில்லை. இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி பிரேக்கைப் பிடித்தேன். வண்டி அந்தப் பக்கம் போக, நான் இந்தப் பக்கம் விழுந்தேன். என் தலை போய் முட்டியது, காலையில் நான் வைத்த கல்லிலேதான்.

பின்னால் வந்த பால்காரர் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். ஹெல்மெட்டுக்குள் இருந்த என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"எந்த மூதேவி இந்த வளைவுல கல்லக் கொண்டாந்து வச்சது? அவளக் கூட்டியாந்து இதுலயே முட்டணும்!"

மருமகளுக்கு முழங்காலில் ரத்தம். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள், "யாருன்னு தெரியலையே அண்ணாச்சி. மொதல்ல வண்டியத் தூக்குங்க."

ஊருக்குள் ஒரு சொல் வாங்காமல் நிமிர்ந்து நடந்தவள் நான். பேசாமல் இருந்திருந்தால் அத்தோடு போயிருக்கும். எழுந்து உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினேன். கல் பட்ட இடத்தில் நாலு விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. அதைப் பார்த்த பிறகு வாய் சும்மா இருக்குமா?

"அண்ணாச்சி, அந்த மூதேவி நாந்தான். முட்டியாச்சு."

அவர் எங்கள் வண்டியைத் தூக்கி நிறுத்தினார். "போங்க ஆச்சி, இனி நான் யாரப் போயி வைய?" என்று சிரித்துவிட்டார். மூன்று பேருமாகக் கல்லை எடுத்து எறிந்தோம். செடியைக் களத்துக்குச் சுமந்தோம்.

வெடித்த ஹெல்மெட்டை மறுபடி மாட்டக் கூடாதாம், புதிது வாங்கினோம். பங்குனியில் ஆர்.டி.ஓ. மைதானத்தில் கால் ஊன்றாமல் எட்டுப் போட்டேன். சுற்றி நின்ற இளவட்டங்கள் கை தட்டினார்கள். லைசென்ஸ் இப்போது என் கையில்!

ஆனால் முப்பது வருடமாக அந்த வளைவில் கல் வைத்தவள் நான். வெறும் தலையோடு எத்தனை பேர் அதைத் தாண்டிப் போயிருப்பார்கள் என்று நினைத்தால், இன்றும் அங்கே என் கை தானாக வேகத்தைக் குறைக்கிறது. என் மானத்தைக் காக்க மருமகள் சொன்ன பொய்யைப் பற்றி நாங்கள் இருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஏட்டி பேத்தி, இங்கன வா. எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதியிருக்கேன், சத்தமா வாசி. அடுப்படியில நிக்கிற உங்கம்மாவுக்குக் கேக்கட்டும்.