பாலுக்குத் தடைக்காலம்

ஜூஸ் கடையில் பிழிந்து போட்ட எலுமிச்சைத் தோல் நாலு, பாத்திரம் தேய்க்கிற சோப்பு ஒரு துண்டு. முழங்கை வரைக்கும் போட்டுத் தேய்க்கிறாள் மலர்க்கொடி. நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் செதிலை விளக்குமாற்றுக் குச்சியால் நோண்டி எடுக்கிறாள். காசிமேட்டில் ஜனம் வாங்கிவரும் மீனை ஆய்ந்து துண்டு போட்டுக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. விடியற்காலை நாலரைக்கு அருவாமனை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பன்னிரண்டு ஆகும். வீட்டுக்கு வந்து கை கழுவி முடிகிறவரை வாசற்படியில் ஒருத்தி பொறுமையாகக் காத்திருக்கிறாள். மகள் மதி. நாலு வயது ஆக இன்னும் ஐந்து மாதம்தான் பாக்கி. குழாய்ச் சத்தம் நின்றதும் அவளே பாயை இழுத்துப் போடுகிறாள். அம்மா சாய்ந்துகொள்ளச் சுவரோரம் தலையணையை நிறுத்துகிறாள். "வாம்மா, பாச்சி" என்கிறாள்.

"இருமே. ஒரு மொடக்கு தண்ணி குட்ச்சிட்டு வரேன். நானும் மனுசிதானே?"

தண்ணீர் குடித்துவிட்டு வந்து காலை நீட்டுகிறாள். மதி ஏறிப் படுக்கிறாள். மடி எப்போதோ போதாமல் போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உள்ளதெல்லாம் தரையில் கிடக்க, ஒரு கால் பீரோவை உதைத்துக்கொண்டே இருக்கும். பாதிக் குடியில் வாயை எடுத்து, பக்கத்துத் தெருப் பூனை எத்தனை குட்டி போட்டது என்று கதை சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். மலர்க்கொடி "ம்" கொட்டிக்கொண்டே தூங்கிப்போவாள்.

புத்தி சொல்ல அந்தச் சந்தில் ஆளுக்குப் பஞ்சமா? பக்கத்து வீட்டு சில்வியா பால்வாடியில் ஆயா. மலர்க்கொடி வரும்வரை மதியைப் பார்த்துக்கொள்பவளும் அவள்தான். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் மேய்ப்பவள் என்கிற தோரணையில், "ஸ்கூலுக்குப் போற வயசுமே இது, நாள பின்ன கல்யாணப் பந்தல்ல உக்காந்துகினு பாச்சி கேக்கப் போவுது" என்பாள். கணவன் வரதன் விசைப்படகில் போகிறவன். பத்துப் பதினைந்து நாள் கடலில் தங்கிவிட்டு வந்து, "கொயந்த கேக்குது, குட்த்தா இன்னா இப்போ?" என்பான். கொடுக்கச் சொல்ல அவனுக்கு வாய் வலிக்குமா, நோகுமா?

வெட்கத்தால் நிறுத்த நினைத்தாள் என்று யாரும் எண்ண வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சில்வியாவோடு மார்க்கெட்டுக்கே வந்துவிட்ட மதி, கூட்டத்துக்கு நடுவே அவள் மடியில் ஏறிவிட்டாள். மீன் வெட்டக் கொடுத்திருந்த ஒருவர் முகத்தைச் சுளித்தார். "எம் பொண்ணு, எம் பாலு. உன் வஞ்சரத்துல எதுனா கொற இருந்தா சொல்லு நைனா" என்று சொல்லிவிட்டு, ஒரு கையால் மகளை அணைத்துக்கொண்டே மறு கையால் மீன் தலையை வெட்டிப் போட்டவள் அவள்.

நிறுத்த நினைத்தது அசதியால். உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுகாதார நிலையத்தில் ரத்தம் குறைச்சல் என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். அந்த நர்சம்மாவாவது நிறுத்தச் சொல்வார் என்று பார்த்தாள். அவரோ, "நல்லா சாப்பிடு. எப்ப நிறுத்தணும்னு நீயே முடிவு பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அதுதான் வினையாகிப்போனது. நிறுத்து என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழியை அவர்கள் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள். "எல்லாத்தையும் நானேதான் முடிவு பண்ணணுமா? அரிசி நானு, கேஸு நானு, இதுவும் நானா?" என்று சில்வியாவிடம் கேட்டு அழுதிருக்கிறாள்.

வேப்பிலை அரைத்துப் பூசிப் பார்த்தாள். மதி ஒரு முறை முகர்ந்தாள், எழுந்து போய்த் துணியை நனைத்து எடுத்துவந்தாள், அழுத்தித் துடைத்தாள், குடித்தாள். மலர்க்கொடி காத்திவாக்கத்தில் அக்கா வீட்டில் ரெண்டு நாள் ஒளிந்திருக்கலாம் என்று போனாள். மறுநாள் பகலிலேயே மார்பு கல்லாகக் கட்டி, காய்ச்சல் அடித்து, மேல்துணி நனைந்து, பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடிவந்துவிட்டாள். அன்றைக்கு மதி கேட்கவே இல்லை. இவளேதான் வாரி மடியில் போட்டுக்கொண்டாள்.

சித்திரை பிறந்து மீன்பிடித் தடைக்காலம் வந்தது. அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ஃபைபர் படகில் வருகிற கொஞ்சம் மீனும், லாரியில் வருகிற ஐஸ் மீனும்தான். எட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். வீட்டோடு இருக்கிற இந்த நாளில் பால் மறக்கடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள் மலர்க்கொடி. எவ்வளவு பெரிய தப்புக் கணக்கு! அம்மா நாளெல்லாம் கண்ணெதிரே இருந்தால் எந்தப் பிள்ளை சும்மா இருக்கும்? நாளுக்கு மூன்று தடவை கேட்டவள் எட்டுத் தடவை கேட்டாள்.

மூன்றாம் நாள் பகலில் பொறுமை போய்விட்டது. "அதான் தடக்காலம் வந்துட்ச்சில்ல! போட்டு கடலுக்குப் போவுதா? போவல. அதே மாரி பாச்சிக்கும் தடக்காலம். கெடையாது, போ!"

வாய்க்கு வந்ததைச் சொன்னாள். மதி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். படகுக்காரன் வீட்டுப் பிள்ளைக்குத் தடைக்காலம் என்றால் என்னவென்று தெரியாதா?

"மீனு குஞ்சு பொரிக்கோணும், அதுக்கா?"

"ஆமா, அதுக்குத்தான்."

"எப்போ முடியும்?"

"அப்பா போட்டு கடலுக்குப் போவுதுல்ல, அன்னிக்கி."

அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் விழுங்கியிருக்கலாம்.

முதல் வாரம் அழுகைதான். ஆனால் மடியில் வந்து விழவில்லை, துணியைப் பிடித்து இழுக்கவில்லை. தள்ளி உட்கார்ந்து அழுதாள். தடை என்றால் தடைதானே. தினமும் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய் வந்து, "இன்னும் கட்டிதான் கீது" என்று சொல்வாள். ஒரு நாள் மட்டும் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "சின்ன போட்டு போவுதும்மா! அதுக்குத் தட இல்லியாம். அப்ப எனுக்கும் கொஞ்சோண்டு?" வரதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "வக்கீலுக்குப் படிக்க வையிமே இத்த!" மலர்க்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை. "பாச்சிக்கு சின்ன போட்டு, பெரிய போட்டெல்லாம் கெடையாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பால் கட்டி நெஞ்சு அப்படி வலித்தது.

சில்வியா ரெண்டு முழம் மல்லிகைப்பூ வாங்கிவந்தாள். பூவை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பது அங்கே வழக்கம். மலர்க்கொடி நாலு நாள் பூவும் வலியுமாகக் கிடந்தாள். தலையில் வைக்க ஒரு நாளும் பூ வாங்கித் தராத வரதன், "இன்னாமே, வூடே கமகமன்னு கீது" என்று கேட்டு வசவு வாங்கிக் கட்டிக்கொண்டான். பால்கட்டு மெல்ல இளகியது. பால் நின்றால் அசதியும் போய்விடும் என்று நம்பியிருந்தாள். அது போகவில்லை. மகளைத் தூங்கவைக்க முன்பு பத்து நிமிஷம் படுத்தால் போதும், இப்போது ஒரு மணி நேரம் தட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது.

வைகாசி வந்ததும் மதி பாச்சிப் பேச்சையே விட்டுவிட்டாள். மறந்துவிட்டாள் என்றார்கள். மலர்க்கொடியும் அப்படித்தான் நினைக்க ஆசைப்பட்டாள். ஆனால் தடை முடிய ஒரு வாரம் இருக்கையில் படகுகளில் ஐஸ் ஏற்ற ஆரம்பித்தார்கள். மதி வீட்டுக்கு வந்து, "ஐஸு ஏத்துறாங்கோ" என்று மட்டும் சொன்னாள். மலர்க்கொடி சில்வியா வீட்டுக்கு ஓடினாள். சில்வியா சளைப்பாளா? "தடைய இன்னும் ஒரு மாசம் நீட்டிச்சிட்டாங்கன்னு சொல்லு. கவருமெண்டு நீட்டுறதில்லியா?"

ஜூன் பதினைந்து விடியும்போதே துறைமுகத்துப் பக்கம் வெடி வெடித்தது. பூசணிக்காய் சுற்றி உடைத்து, கற்பூரம் கொளுத்திப் படகுகள் கிளம்பின. வரதனும் போய்விட்டான். அவை மீனோடு திரும்ப நாளாகும் என்பதால் மலர்க்கொடி ஒன்பது மணிக்கே வீடு திரும்பினாள். மதி தானே குளித்து, முகத்தில் பவுடரைத் திட்டுத் திட்டாக அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்கவில்லை. அம்மா நைட்டி மாற்றிக்கொண்டு வரும் வரை இருந்தாள். சோறு ஆக்கும் வரை இருந்தாள். ஊட்டியதைச் சாப்பிட்டாள். பிறகு பாயை விரித்தாள்.

"தட முட்ஞ்சிச்சிம்மா."

மலர்க்கொடி சோற்றுத் தட்டைக் கழுவப் போட்டாள்.

"அப்பா பூட்சி. எல்லா போட்டும் பூட்சி. நானு கேக்கவே இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரே ஒரு வாட்டிதான் கேட்டேன்" என்று திருத்தினாள்.

சில்வியா சொல்லிக்கொடுத்தது நாக்கு நுனியில்தான் இருந்தது. சொல்லிவிட்டால் தப்பித்தாள். இன்றைக்குக் கொடுத்தால் நாளைக்கும் கேட்பாள்; அந்த வலி, அந்தக் காய்ச்சல், அந்த அழுகை எல்லாம் முதலிலிருந்து. இன்னொரு தடவை தாங்க இந்த உடம்பில் என்ன இருக்கிறது? பயமாக இருந்தது அவளுக்கு. ஆனால் பால்குடி மாறாத பிள்ளை ரெண்டு மாதம் வாக்கைக் காப்பாற்றிவிட்டு எதிரே நிற்கிறது. பெத்தவள் டபாய்ப்பதா?

"வா" என்றாள். சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள்.

மதி ஏறிப் படுத்தாள். வாய் வைத்தாள். ஒரு இழுப்பு, ரெண்டு இழுப்பு. நிறுத்தினாள். மறுபக்கம் மாறிப் பார்த்தாள். அங்கேயும் அப்படித்தான். வாயை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வர்ல."

"ஆமாண்டி கண்ணு. வத்திப்போச்சி" என்றாள் மலர்க்கொடி. சந்தே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கூச்சலுக்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கூச்சல் வரவில்லை. கண்ணைத் திறந்தாள். மதி எழுந்து உட்கார்ந்து அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தோல் மாட்டிக்கொள்ளாமல் இருக்க இடது கை விரலை உள்ளே கொடுத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அம்மாவின் நைட்டி ஜிப்பைக் கழுத்து வரைக்கும் மெதுவாக ஏற்றிவிட்டாள்.